தம்புள்ளைப் பலூன் சவாரி: காற்றில் இறங்கும்போது அடிபடாமல் இருக்கவும், அடிபட்டால் செய்யவும் வேண்டியவை

வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து நிற்கும் நாட்களில், வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இருந்து வான் வண்டி பிடித்துத் தம்புள்ளைக்குப் போய் வெப்பக்காற்றுப் பலூன் ஏறுகிற குடும்பங்கள் இப்போது இருக்கின்றன. நாங்களும் போனோம். மேலே இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இறங்கும் நேரம் பார்த்துக் காற்று எழும்பிவிட்டது. பலூனுக்குக் கீழே நாங்கள் நின்ற கூடை வயலில் மோதி, மேலே கிளம்பி, மறுபடி மோதி, ஒரு பக்கமாகச் சரிந்து இழுபட்டது. கனடாவில் இருந்து வந்திருந்த சித்திக்குக் கணுக்கால் எலும்பு உடைந்தது. எலும்பு பொருந்தி அவர் நடக்கத் தொடங்கிய பிறகும் காகித வேலை முடியவில்லை. எந்தக் காகிதத்தை எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்று வன்னியில் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போகிறவர்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும் முன்பே பாதி ஆபத்தைக் குறைத்துவிடலாம், அந்தப் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

1. மாதத்தைச் சரியாகப் பிடியுங்கள்

தம்புள்ளை, கண்டலம, சிகிரியாப் பக்கத்தில் பலூன் சீசன் பொதுவாக நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். சோளகம் வீசுகிற மாதங்களில் பறப்பு இல்லை. ஏன் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, ஆனி ஆடியில் விடியற்காலையிலேயே பனையோலை சலசலக்கத் தொடங்கிவிடும்.

சீசன் திறந்துவிட்டது என்பதற்காக நவம்பர், டிசம்பரில் பதிவு செய்யாதீர்கள். அது மாரி. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிற காலமும் அதுதான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல், திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. தையின் பிற்பகுதியில் இருந்து பங்குனி வரைக்கும் பாருங்கள். மாசிக் காலையில் காற்று அசையாமல் நிற்கும். ஆனால் மாசியில் பனிமூட்டம் என்று ஒன்று உண்டு. பனி விலகும்வரை பைலட் காத்திருப்பார், பறப்பு வெயிலுக்குள் தள்ளிப்போகும். வெயிலுக்குள் தள்ளிப்போனால் இறங்கும்போது காற்று இருக்கும். காரணத்தை ஆறாவது படியில் சொல்கிறேன்.

2. இரண்டு காலைகளை ஒதுக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். ஒரே ஒரு காலையை நம்பிப் போகாதீர்கள்.

வவுனியாவில் இருந்து தம்புள்ளை ஏ9 வீதியில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. கிளிநொச்சியில் இருந்தென்றால் இன்னும் எண்பது கிலோமீற்றரைக் கூட்டுங்கள். விடியும் முன்பே, ஏறத்தாழ ஐந்து மணிக்கு, சேரும் இடத்தில் நிற்கச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் என்ன செய்வோம்? ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்க நடுச்சாமத்தில் வெளிக்கிட்டு, நித்திரை இல்லாமல் போய் நிற்போம். அன்றைக்கே சிகிரியாக் குன்றும் ஏறி, இரவு வீடு திரும்பலாம் என்று கணக்குப் போடுவோம். இப்படிப் போனால் அந்தக் காலை பறந்தே ஆக வேண்டும் என்ற நிலைக்கு நீங்களே உங்களைத் தள்ளிவிடுகிறீர்கள். காற்று கொஞ்சம் கூட என்று பைலட் யோசிக்கும்போது, வான் வண்டியில் வந்த பத்துப் பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, "தூர இடத்தில் இருந்து வந்தனாங்கள், நாளைக்கு இவர் பிளேன் ஏறுறார்" என்று சொல்வோம். அவரும் மனிதர்தான்.

பறப்பு நடக்காது என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று தேத்தண்ணி குடிக்கப் போகக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். அதற்கு ஆகிற செலவு, தம்புள்ளையில் இரண்டு இரவுத் தங்கலும் வானுக்கு இன்னொரு நாள் வாடகையும். பலூனுக்கு வெளிநாட்டவரிடம் ஆளுக்கு 200 அமெரிக்க டொலரைச் சுற்றித்தான் விலை பேசுகிறார்கள். அதோடு பார்த்தால் இரண்டாவது இரவு பெரிய காசில்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவரின் விடுமுறையில் கடைசி இரண்டு நாட்களில் பலூனை வைக்காதீர்கள். வந்த முதல் வாரத்தில் வையுங்கள். கால் உடைந்தாலும் பிளேன் திகதி மாற்ற நேரம் இருக்கும்.

வான் சாரதிக்கும் நித்திரை வேண்டும். கண்டலமப் பக்கத்து வீதிகளில் இருட்டில் யானை நிற்கும். முதல் நாள் பகலிலேயே போய்ச் சேருங்கள்.

3. காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

முற்பணம் போடும் முன் இவற்றை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

முதல் கேள்வி உரிமம். இலங்கையில் பயணிகளை ஏற்றிப் பறக்கிற எதுவும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கண்காணிப்புக்குள் வரும். 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் அதற்குத்தான். நடத்துநரின் சான்றிதழ் இந்த ஆண்டுக்குச் செல்லுபடியாகுமா என்று கேட்டு, அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். உறுதி செய்ய விரும்பினால் அதிகாரசபையிடமே எழுதிக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், தகவல் தர முடியுமா முடியாதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதலாம். அதனால் இதைப் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே செய்யுங்கள்.

இரண்டாவது, காற்றால் பறப்பு நின்றால் காசு என்ன ஆகும்? முழுத்தொகையும் திரும்புமா, இன்னொரு நாள் தருவார்களா, வங்கிக் கழிவு யார் தலையில்? இந்தப் பதில் எழுத்தில் இல்லாமல் காசு கட்டாதீர்கள். நாள் மாற்றித் தருவோம் என்று மட்டும் சொன்னால், அடுத்த நாள் இடம் இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, பயணிகளுக்கான காப்புறுதி இருக்கிறதா, எந்த நிறுவனம், ஆளுக்கு உச்சத் தொகை எவ்வளவு? இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்பது பதில் ஆகாது. நிறுவனத்தின் பெயரும் பத்திர இலக்கமும் வேண்டும். எங்களுக்குப் பிறகு அதிக நாள் இழுபட்டது இந்த இலக்கத்தைத் தேடித்தான்.

இடைத்தரகர் ஊடாகவோ ஹோட்டல் வரவேற்பு மேசை ஊடாகவோ பதிவு செய்தால், பற்றுச்சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பலூன் நடத்துகிறவரின் பெயர் அதில் வராவிட்டால், பிறகு ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

4. யார் ஏறலாம், யார் கூடாது

கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், முழங்கால் இடுப்பு மாற்றியவர்கள், முதுகு நோ உள்ளவர்கள், எலும்பு தேய்ந்த வயதானவர்கள் ஏறக்கூடாது. இதை நடத்துநரே சொல்வார். கூடையின் விளிம்புக்கு மேலே முகம் தெரியாத பிள்ளையை ஏற்றவே வேண்டாம், பிடிகயிறு அதன் கைக்கு எட்டாது.

நடத்துநரின் படிவத்தில் இல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டை உடம்புக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் ஏராளம். வருடக் கணக்காக நோவில்லை என்று அதை ஒருவரும் சொல்வதில்லை. முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ, மூட்டுக்குள்ளோ, நெஞ்சுக்குள்ளோ துண்டு இருப்பவர் ஒரு குலுக்கலுக்குக் கூட உங்கள் டொக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. போகிறவர் என்றால் பழைய எக்ஸ்ரேயின் படத்தைத் தொலைபேசியில் வைத்திருங்கள். அடிபட்டு வைத்தியசாலைக்குப் போனால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம், உள்ளே இருக்கிற இரும்பை அசைக்கும். மயங்கிக் கிடப்பவரால் சொல்ல முடியாது. ஆகவே கூடப் போகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

செயற்கைக் கால் போட்டவர்கள் இறங்கும் நிலையில் இரண்டு முழங்காலையும் ஒரே அளவில் மடித்துத் தாங்க முடியாமல் போகலாம். மோதல் முழுக்க மற்றக் காலில் விழும். இருந்தபடி இறங்கும் இருக்கைக் கூடை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவரோடு நீங்களும் கீழே நில்லுங்கள். பலூனை வீதியால் பின்தொடர்கிற வாகனத்தில் போக இடம் கேட்டால், சிலவேளை தருவார்கள்.

5. காப்புறுதிப் பத்திரத்தை இப்போதே எடுத்து வாசியுங்கள்

வெளிநாட்டில் இருந்து வந்தவரின் பயணக் காப்புறுதியில், சாகச நடவடிக்கைகள் என்று ஒரு பகுதி இருக்கும். பல பத்திரங்களில் வெப்பக்காற்றுப் பலூன் விலக்கப்பட்டிருக்கும், அல்லது மேலதிகக் கட்டணம் கட்டினால் மட்டும் சேரும். ஏறும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, உரிமம் பெற்ற நடத்துநரின் பலூனில் கட்டணப் பயணியாகப் போகிறேன், இது உள்ளடங்குமா என்று கேளுங்கள். பதிலை அச்செடுத்து வையுங்கள். அவசர தொலைபேசி இலக்கத்தையும் கூடவே எழுதுங்கள். பல நிறுவனங்கள் சிகிச்சை தொடங்கியதும் உடனே அழைக்கச் சொல்கின்றன. பிந்தினால் அதையே சாட்டாகச் சொல்வார்கள்.

இங்கே இருப்பவர்களின் ஆயுள் காப்புறுதியில் விபத்துக்கான சேர்க்கை இருந்தால், வான்வழிப் பயணம் பற்றிய விலக்கைத் தேடுங்கள். வழமையான விமானத்தில் பயணியாகப் போவதைத் தவிர வேறு பறப்பு சேராது என்ற மாதிரி எழுதியிருப்பார்கள். பலூன் எதில் அடங்கும் என்று முகவரிடம் வாயால் கேட்காமல் நிறுவனத்திடம் கடிதமாகக் கேளுங்கள். ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. அதன் கோரல் படிவத்தையும் காலக்கெடுவையும் உங்கள் நிருவாகக் கிளையில் கேட்டு வைத்திருங்கள்.

6. அந்தக் காலையில் காற்றை நீங்களும் பாருங்கள்

இரவில் நிலம் குளிர, அதோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்து அசையாமல் படுத்துக் கிடக்கும். அதற்கு மேலே சில நூறு மீற்றர் உயரத்தில் காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம், கீழே நிற்பவருக்குத் தெரியாது. சூரியன் எழும்பி நிலம் சூடேறியதும் இரண்டும் கலக்கும். மேலே ஓடிய வேகம் கீழே இறங்கும். அதனால்தான் ஏறும்போது இலை அசையாத நாளில் கூட, இறங்கும்போது காற்று அடிக்கும். தை மாசியில் தம்புள்ளையில் சூரியன் எழும்ப ஏறத்தாழ ஆறே கால், ஆறரை ஆகும். எட்டு மணிக்குள் நிலத்தில் இருப்பது நல்லது. ஏழரைக்கு மேல்தான் எழும்பப் போகிறோம் என்று சொன்னால் நான் ஏற மாட்டேன்.

பைலட் சின்னப் பலூன் ஒன்றைக் காற்றில் விட்டு, அது எப்படிப் போகிறது என்று பார்ப்பார். நீங்களும் அதைப் பாருங்கள். கொஞ்ச உயரம் போனதும் சட்டென்று சாய்ந்து ஓடினால் மேலே காற்று இருக்கிறது. பிறகு மரங்களைப் பாருங்கள். இலை மட்டும் மெல்ல அசைந்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. புழுதி எழும்பி, கடதாசி பறந்து, சிறு கொப்புகள் ஆடினால் 20க்கு மேல். பயணிகளை ஏற்றுகிற பலூன்கள் பொதுவாக நிலத்துக் காற்று 15 முதல் 18 கிலோமீற்றர் வந்தால் எழும்புவதைத் தவிர்க்கும். புழுதி பறக்கிற நேரத்தில் ஏறச் சொன்னால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த நேரத்தில் காசைப் பற்றி யோசிக்காதீர்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நாலு மடங்காகும். 8,000 கன மீற்றர் கொள்ளுகிற பெரிய சுற்றுலாப் பலூனுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றே 7 தொன்னைத் தாண்டும். துணியும் கூடையும் ஆட்களும் அதற்கு மேலே. நாலு பேர் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தால் நிற்கிற சாமான் இல்லை. 2012 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லோவேனியாவில் லுப்லியானாவுக்கு அருகே ஒரு பலூனைப் புயல்காற்று பிடித்தது. அது விழுந்து தீப்பற்றியதில் 6 பேர் இறந்தார்கள். 2018 ஜனவரியில் எகிப்தின் லக்சோரில் பலத்த காற்றில் ஒருவர், 2022 ஒக்டோபரில் துருக்கியின் கப்படோக்கியாவில் திடீர்க் காற்றில் கடுமையாக இறங்கிய பலூனில் 2 பேர். பலூனில் வருகிற காயங்களில் பெரும்பங்கு இறங்குகிற அந்தச் சில நொடிகளில்தான் வருகின்றது.

7. இறங்கும்போது உடம்பை எப்படி வைத்திருப்பது

ஏறும் முன் பைலட் இதைச் செய்து காட்ட வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வார். அம்மம்மாவுக்கும் பிள்ளைக்கும் விளங்கவில்லை என்றால், விளங்கிய ஒருவர் தமிழில் சொல்லி, ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு நிற்காமல் உண்மையாகவே செய்ய வைக்க வேண்டும். முந்திய நாள் இரவு தங்குமிடத்திலேயே ஒருமுறை பழகினால் இன்னும் நல்லது.

போகிற திசைக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அந்தப் பக்கத்துக் கூடைச் சுவரோடு முதுகை ஒட்ட வையுங்கள். பாதங்கள் இரண்டும் சேர்ந்திருக்கட்டும், முழங்கால்களும் சேர்ந்திருக்கட்டும். முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கள், குந்தி இருக்க வேண்டாம். விறைத்த காலில் மோதல் நேரே முள்ளந்தண்டுக்கு ஏறும். முழுக்கக் குந்தினால் முழங்கால் போகும். இரண்டு கையாலும் உள்ளே இருக்கிற கயிற்றுப் பிடியைப் பிடியுங்கள். விளிம்பைப் பிடிக்கக் கூடாது. கூடை சரிந்தால் விளிம்புக்கும் நிலத்துக்கும் நடுவில் விரல் நசியும். தலையை விளிம்புக்குக் கீழே வைத்திருங்கள்.

சித்தியின் கால் எப்படி உடைந்தது என்று கூடையில் நின்ற எல்லோரும் பார்த்தோம். முதல் மோதலுக்குச் சரியாகத்தான் நின்றார். முடிந்தது என்று நினைத்து எல்லோரும் நிமிர்ந்தோம். ஒரு காலை அகட்டி வைத்த நேரம் இரண்டாவது மோதல் வந்தது. காற்றில் இறங்கும் கூடை ஒருமுறையோடு நிற்பதில்லை. இரண்டு, மூன்று முறை குதித்து, பிறகு சரிந்து, பிறகு இழுபடும். பைலட் முடிந்தது என்று வாயால் சொல்லும்வரை அதே நிலைதான்.

தொலைபேசியை இறங்கத் தொடங்கும்போதே பையில் போட்டுச் சிப்பை இழுங்கள். வீடியோ எடுக்கிற கை கயிற்றைப் பிடிக்காது. கழுத்தில் தொங்குகிற கமரா பக்கத்தில் நிற்கிறவரின் பல்லை உடைக்கும். காலில் செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடுகிற சப்பாத்து வேண்டும். சேலை, வேட்டியோடு ஏறாதீர்கள், சரிந்த கூடையில் இருந்து ஊர்ந்து வெளியே வர முடியாது.

கூடை சரிந்து இழுபடும்போது வெளியே பாயத் தோன்றும். பாயாதீர்கள். நீங்கள் பாய்ந்தால் கூடைக்கு அடியில் போகலாம். ஒருவர் குறைந்ததும் பலூன் இலேசாகி, மற்றவர்களோடு மேலே கிளம்பவும் கூடும். பைலட் பலூனின் உச்சியில் உள்ள திறப்பைத் திறந்து சூட்டுக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருப்பார். துணி படுத்ததும் கூடை நிற்கும். அதன் பிறகு அவர் சொல்கிற வரிசையில் ஒவ்வொருவராக வெளியே வாருங்கள்.

கரண்ட் கம்பி தனி விஷயம். 2012 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தின் காட்டர்ட்டனில் பலூன் மின்கம்பியில் பட்டு 11 பேரும் இறந்தார்கள். பலூனோ கயிறோ கம்பியில் பட்டிருந்தால் கீழே நிற்பவர்கள் ஒருவரும் கூடையையோ கயிற்றையோ தொடக் கூடாது, மின்சாரத்தை நிறுத்தும்வரை கிட்டவும் போகக் கூடாது. உதவிக்கு ஓடி வருகிற வயல்காரருக்கும் கத்திச் சொல்லுங்கள்.

8. கூடை நின்ற பிறகு முதல் ஒரு மணித்தியாலம்

காஸ் மணத்தாலோ தீ தெரிந்தாலோ எல்லோரும் உடனே காற்று வருகிற பக்கமாக விலகுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், முதுகோ கழுத்தோ நோகிறது என்று சொல்பவரைத் தூக்காதீர்கள். இரண்டு கையில் பிடித்து இழுத்து இருத்துவதுதான் எங்கள் பழக்கம். முள்ளந்தண்டு உடைந்திருந்தால் அதுவே ஆளை முடமாக்கிவிடும். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். இடம் சொல்லத் தெரியாவிட்டால் பலூன் ஆட்களிடமோ வயல்காரரிடமோ தொலைபேசியைக் கொடுங்கள்.

வலி பெரிதாக இல்லை, சுளுக்குத்தான் என்று வானில் ஏறி ஊருக்கு வந்துவிடாதீர்கள். இறங்கிய பதற்றத்தில் நோ தெரியாது, மதவாச்சி தாண்டும்போது கால் வீங்கியிருக்கும். வவுனியாவில் போய்க் காட்டினால் சிகிச்சை கிடைக்கும், ஆனால் காயம் எங்கே பட்டது என்பதற்குக் காகிதம் இருக்காது.

ஆளைக் கவனித்த பிறகு ஒருவர் படம் எடுக்கட்டும். கூடை இழுபட்ட தடம், கூடை, பலூனில் எழுதியிருக்கிற பதிவு எழுத்துகள், சுற்றியுள்ள மரங்கள், வீங்கிய கால். மரம் ஆடுவது தெரிகிற மாதிரி அரை நிமிட வீடியோ ஒன்று எடுத்தால், அன்றைய காற்றுக்கு அதுவே சாட்சி. கூட வந்த மற்றப் பயணிகளின் பெயரும் இலக்கமும் வாங்குங்கள். வெளிநாட்டவர்கள் அன்றைக்கே வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

9. தம்புள்ளையை விட்டு வெளிக்கிடும் முன் எடுக்க வேண்டியவை

உடைந்த காலோடு ஒரு கையெழுத்துக்காக மறுபடி ஏ9இல் அவ்வளவு தூரம் போவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். கீழே சொல்வதை அங்கேயே முடியுங்கள்.

வைத்தியசாலையில் பதியும்போது, பலூன் தரையிறங்கியபோது ஏற்பட்ட விபத்து என்று தெளிவாகச் சொல்லுங்கள். சித்தியின் வைத்தியசாலை டிக்கட்டில், விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்று மட்டும் இருந்தது. எங்கே விழுந்தார், குளியலறையிலா என்று காப்புறுதி நிறுவனம் கேட்டது. அந்த ஒரு வரியை விளக்கப் பிறகு கடிதத்துக்கு மேல் கடிதம். வீட்டுக்கு விடும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று வாசியுங்கள். பெயர் அடையாள அட்டையில் அல்லது கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா, இடம் வலம் மாறவில்லையா, திகதி சரியா, காரணம் இருக்கிறதா? தமிழ்ப் பெயர்களின் ஆங்கில எழுத்து மாறுவது சர்வ சாதாரணம். எக்ஸ்ரேயைத் தொலைபேசியில் படம் எடுங்கள். தொடர் சிகிச்சைக்கு வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அதனால் பில் இருக்காது, நோய் நிர்ணய அட்டைதான் ஆதாரம். தனியார் வைத்தியசாலை என்றால் மொத்தத் தொகை போட்ட ஒற்றைப் பில் போதாது. மருந்து, எக்ஸ்ரே, டொக்டர் கட்டணம் என்று பிரித்து எழுதிய பில் வேண்டும்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸில் போட வேண்டும், ஊருக்கு வந்து போட்டால் அங்கே அனுப்புவார்கள். சண்டை பிடிக்கவா போகிறோம் என்று சிலர் பின்வாங்குவார்கள். இது சண்டைக்கில்லை, பதிவுக்கு. முறைப்பாடு இருந்தால் சட்ட வைத்தியப் பரிசோதனைக்கான படிவம் வரும், காயத்தின் தன்மையைச் சட்ட வைத்திய அதிகாரி எழுதுவார். அங்கே வாக்குமூலத்தைச் சிங்களத்தில்தான் எழுத வாய்ப்பு அதிகம். தமிழில் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால், எழுதியதைத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போய், வரிக்கு வரி கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, புத்தகப் பக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டு, பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

பலூன் நடத்துநரிடம், இந்தத் திகதியில், இந்தப் பலூனில், இன்னார் பயணித்தார், தரையிறக்கத்தில் காயமடைந்தார் என்று கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் கேளுங்கள். ஏறும் முன் நீங்கள் கையெழுத்து வைத்த படிவத்தின் கொப்பியும் வேண்டும். பொறுப்புத் துறப்பு என்ற அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டோம், இனி ஒன்றும் கேட்க முடியாது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அதைச் சட்டத்தரணி பார்த்துச் சொல்லட்டும்.

அன்றைக்கே யாராவது மருத்துவச் செலவு என்று காசு தந்தால், எதற்கான காசு என்று எழுதி வாங்குங்கள். முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு என்ற வார்த்தைகள் இருக்கிற தாளில் அந்த வாரத்தில் கையெழுத்தே வேண்டாம். எலும்பு எப்படிப் பொருந்தும் என்று டொக்டருக்கே அன்றைக்குத் தெரியாது.

10. ஊருக்கு வந்த பிறகு

காப்புறுதி நிறுவனத்துக்கு முதல் அறிவிப்பை அதே நாள் அனுப்புங்கள். காகிதம் முழுக்கச் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆவணங்கள் பின்னர் வரும் என்று எழுதினால் போதும். சிங்களத்தில் உள்ள முறைப்பாட்டுப் பிரதியை வெளிநாட்டு நிறுவனம் ஏற்காது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும், பக்கக் கணக்கில் காசு. நீதிமன்றத்தை அண்டிய இடங்களில் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். வேலை செய்ய முடியாமல் போன நாட்களுக்குச் சம்பளக் கடிதம் எடுங்கள். தோட்டம், வயல், கடை என்று சொந்தத் தொழில் செய்கிறவருக்குக் கிராம சேவகரின் கடிதமும் பிரதேச செயலக ஒப்பமும் உதவும். முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த காசுக்குக் கூடப் பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். கிளினிக் போய் வருகிற செலவு கூடிக்கொண்டே போகும்.

உள்ளூர் நிறுவனம் கோரலை மறுத்தால், முதலில் அதே நிறுவனத்துக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். அதற்கும் சரி வராவிட்டால் காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், பத்திரம் வைத்திருப்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை. பலூன் எப்படிப் பறந்தது, ஏன் அப்படி இறங்கியது என்ற முறைப்பாடு வேறு, அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

நட்டஈட்டு வழக்கு என்ற எண்ணம் இருந்தால், காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காப்புறுதிக் கடிதப் போக்குவரத்து அந்த நாட்களை நிறுத்தி வைக்காது, விபத்து நடந்த திகதியில் இருந்தே எண்ணுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் இலவசமாகக் கேட்கலாம். போகும்போது எல்லாவற்றிலும் இரண்டு செட் போட்டோக் கொப்பி எடுத்துப் போங்கள். அசலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.